ஒரு மணிநேரச் சராசரி

ஒரு மணிநேரச் சராசரி நூறு டெசிபல்.
சட்டம் கொடுத்த கைச்செலவு அவ்வளவுதான்.
வான்னஸ் அதை முதல் இருபது நிமிடத்திலேயே
நூற்று மூன்றில் இறைத்துவிட்டான்.

"மூன்றுதானே கூட" என்கிறான்.
காதுக்கு அது சற்றே உப்புத் தூக்கல்.
என் கருவிக்கு இரு மடங்கு.
மீதி நாற்பது நிமிடமும் தொண்ணூற்றேழில்
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓட்டு என்கிறேன்.
என்னைப் பார்க்காமலே டிரம்ஸை
நகக்கண் அளவு இறக்குகிறான்,
ரத்ததானம் செய்பவன் முகத்தோடு.

பீட்ரூட் பிடுங்கிய வயல்.
நுழைவாயிலில் இலவசமாய்க் கொடுத்த ஆரஞ்சு நுரைத் தக்கைகள்
பாதிக்குமேல் சேற்றில் கிடக்கின்றன.

மார்யொலைன் பாடுவதை நிறுத்தி
மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டுகிறாள்.
ஒன்பதாயிரம் தொண்டை.
வான்னஸ் எல்லா ஃபேடரையும் இறக்கிவிட்டு
இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறான்,
போலீஸ்முன் நிற்பவனைப்போல.
எண் இறங்கவில்லை. நூற்றிரண்டு.
இவர்களை எந்தக் குமிழில் திருப்புவது?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
அவன் கணக்கிலேயே எழுதினேன்.

பதினொன்றரைக்குப் புகார் எண் ஒலிக்கிறது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரொட்டிக்கடை யோரிஸ்.
போன வருடமும் அவர்தான்.
சைக்கிளில் போனேன், முதுகில் முக்காலி.

படுக்கையறை நடுவே கருவியை நிறுத்தினேன்.
ஏ அளவில் முப்பத்தாறு.
"சட்டப்படி இது அமைதி" என்றேன்.
அவர் வாதாடவில்லை. என் கையைப் பிடித்து
ஜன்னல் கண்ணாடிமேல் வைத்தார்.
பூனையின் விலாபோல அது உறுமிக்கொண்டிருந்தது.

ஏ அளவு அடிஸ்தாயியைத் தள்ளுபடி செய்துவிடும்.
சி அளவுக்கு மாற்றினேன்: அறுபத்தொன்று.
அதே அறை, அதே கட்டில்,
கட்டில் விளிம்பில் அதே மனிதர்.

மழை விட்ட இரவில் தரை முதலில் குளிர்கிறது,
மேலே காற்று இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது.
வானத்துக்குப் போகவேண்டிய சத்தமெல்லாம் வளைந்து
யோரிஸ் வீட்டுக் கூரையில் வந்து இறங்குகிறது.
இதை அவரிடம் விளக்கத் தொடங்கிப் பாதியில் விட்டேன்.
வான்னஸுக்குப் போன் போட்டேன்.
"பேஸில் நான்கு குறை."
"பாட்டே செத்துவிடும், மீட்டர்காரி."
"பன்னிரண்டு வரைக்கும் சாகட்டும்."
கண்ணாடி அடங்கியது. கொஞ்சம் கழித்து
அலமாரிக்குள் ஒரு கோப்பையும்.

இரண்டு மணிக்கு எழவேண்டியவர்
இனி எதற்குப் படுப்பது என்று கீழே இறங்கிப்போய்
மாவு பிசையும் இயந்திரத்தைப் போட்டார்.
எனக்கு வாயிலும் ஒரு துண்டு நேற்றைய ரொட்டி.
பழக்கதோஷம், கருவியை நீட்டினேன். எண்பத்தாறு.

"தினமும் இதன் பக்கத்திலா நிற்கிறீர்கள்?"
"என்ன?" என்றார்,
இடது காதை என் பக்கம் திருப்பி.
மறுபடி கேட்டேன், கொஞ்சம் கத்தி.

எண்பத்தெட்டு என்றது கருவி.