பக்கி தட்டும் நேரம்

பாசிர் ரிஸ் கடலோரம். இரவு ஏழே முக்கால்.
லாலாங் புல்லுக்குள் பதினோரு பேர்,
கொசுமருந்து வாசனையோடு.
ஹுவே சின் கையில் கணக்குப் பட்டியல்,
என் கையில் சிவப்புத்தாள் சுற்றிய டார்ச்.

"டொக்."
பக்கிக்குருவி.
அது எத்தனை முறை தட்டும் என்று
அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம்.
ஸுல்கிஃப்லி ஐந்து என்றார்.
ஏழு தட்டியது.
கோப்பிக் காசு அவர் தலையில்.

அடம்பங்கொடி மணலைப் பிடித்திருக்கும் இடத்தில்
நில அளவைக்காரரின் முளைக்குச்சி,
உச்சியில் ஆரஞ்சு நாடா.
நான்கு சாண் தள்ளி, வெறுந்தரையில்
இரண்டு முட்டை.
கூடு இல்லை. ஒரு சருகைக்கூட
இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை புளோக்கின் வெற்றுத்தளத்தில்
மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினோம்.
ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி
பேனாவை எடுத்தாள். வைத்தாள்.
"மூணு தடவை பிடிஓவுக்கு எழுதிப் போட்டோம் அக்கா.
மூணு தடவையும் நம்பர் வரல.
மாமியார் வீட்டு ஹாலில்தான் படுக்கிறோம்."
அவள் பக்கம் திருப்பி வைத்திருந்த பறவைப் படத்தை
மெல்ல என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

என் வீடு பதினான்காம் மாடி.
அதற்குமுன் அங்கே என்ன தட்டியதென்று
நான் யாரையும் கேட்டதில்லை.

அன்றிரவு மனுவில் ஒரு வரி சேர்த்தேன்:
பழைய கார்நிறுத்தம் பாதி காலியாகக் கிடக்கிறது,
அங்கே கட்டுங்கள், சீக்கிரம் கட்டுங்கள்.
'சீக்கிரம்' என்பதை ஹுவே சின் அடிக்கோடிட்டாள்,
தமிழ் படிக்கத் தெரியாமலே,
நான் காட்டிய இடத்தில்.

"டொக்."
டார்ச்சை அணைத்தேன்.
இருட்டில் அவரவர் மொழியில் எண்ணினோம்.
கணக்கு ஒத்துவரவில்லை.
இன்னொரு முறை தட்டட்டும் என்று
நின்றோம்.