எம்டன்

எங்கள் ஊரில் கில்லாடியை எம்டன் என்போம்.
எந்தக் காலத்திலோ ஒரு கப்பல் வந்து
மதராஸில் குண்டு போட்டுவிட்டுப் போனது;
பெயர் மட்டும் திரும்பிப் போகவில்லை.
அந்தப் பெயரின் ஊரிலேயே வேலை செய்கிறேன்
என்று சொன்னபோது தியார்க் சிரிக்கவில்லை.
"இங்கே யாருக்கும் அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது, டில்லி."
தில்லைநாயகி அவன் வாயில் டில்லியாகி
இரண்டு வருஷம்.

வேலை இதுதான்:
புதுக் காரைக் கப்பலுக்குள் ஓட்டிவிடுவது.
எழுநூறு மீட்டர்.
இருக்கையின் பிளாஸ்டிக் உறை சரசரக்கும்.
நாளொன்றுக்கு அறுபது கார் ஓட்டிவிட்டு
சைக்கிளில் வீட்டுக்குப் போகிறேன்.

இன்று பத்தரைக்கு ஒலிபெருக்கி: நிறுத்து.
கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ கையெழுத்துப் போட்டாராம்.
நேற்றைய வரி இன்றில்லை,
நாளை எவ்வளவு என்று சுங்கத்தின் கணினிக்கே தெரியவில்லை.
ஏற்றியதையெல்லாம் இறக்கு.

அதே எழுநூறு மீட்டர்.
சாம்பல் நிறக் கார் ஒன்றின் கண்ணாடியில்
காலையில் நான் வைத்த பெருவிரல்
அப்படியே இருந்தது.

இடைவேளையில் தேநீர்.
கற்கண்டின்மேல் ஊற்றினால் 'டிக்'கென்று விரியும்;
அதைக் கேட்ட பிறகுதான் இவர்கள் பேசுவார்கள்.
"சீனாக்காரன் கார் மலிவு, ஏன்?
அவன் அரசாங்கம் பணத்தைக் கொட்டுகிறது. மோசடி," என்றான் தியார்க்.
வீப்கே தலை நிமிராமல் கேட்டாள்:
"உன் மின்சாரக் காருக்கு நாலாயிரம் யூரோ
யார் தருவதாக இருந்தது?"

மானியம் ஒரு ஞாயிறு நள்ளிரவோடு நின்றது.
அவன் கார் வந்தது செவ்வாய்க்கிழமை.

மாமியார் உடைத்தால் மண்குடம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
ஜெர்மனில் அந்தக் குடத்தை எப்படி உடைப்பதென்று தெரியாமல்
தேநீரைக் குடித்தேன்.

சுங்கம் தவிர்த்த சோழன் என்று ஒருவனைப் பள்ளியில் படித்தோம்.
எதற்குத் தவிர்த்தான், யாருக்கு லாபம்,
அதுவரை வரி வாங்கியவன் பிறகு என்ன வேலைக்குப் போனான்
என்று யாரும் கேட்கவில்லை.
பெயர் எழுதினால் இரண்டு மதிப்பெண்.

ஏற்றவும் கூலி, இறக்கவும் கூலி.
இன்றைக்கு எனக்கு ஓவர்டைம்.
அடுத்த வாரத்தைப் பற்றி
வீப்கேயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு முற்றம் நிறைந்துவிட்டது.
நான்காயிரம் கார், ஒன்றிலும் ஆளில்லை.
கடற்காகங்கள் வெள்ளைக் காராகப் பார்த்து உட்காராமல்
கறுப்பின்மேல் எச்சமிடுகின்றன.
கப்பல் பாரமில்லாமல், அசிங்கமாக உயர்ந்து மிதந்தபடி
எம்ஸ் ஆற்றின் வாய்க்கு நகர்ந்தது.
பெயரை வாசிக்கலாமென்று
சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன்.
மழை.