கேட்கவில்லை

குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி
இரண்டாவது வளைவில் சைலென்சர் கழன்றது.
தார்ச்சாலையில் பொறி பறக்கக்
கொஞ்ச தூரம் கூடவே இழுபட்டு வந்தது.
யோகநாதன் இறங்கி, கோணிச்சாக்கைச் சுற்றி,
கொதிக்கிற அதைத் தூக்கிப்
பின்சீட்டில் கிடத்தினான்,
மேட்டுப்பாளையத்தில் வாங்கிய
வாழைத்தாருக்குப் பக்கத்தில்.
"இது இல்லாமலும் ஓடுமில்ல?"
"ஓடும்" என்றேன்.
அது பொய்யில்லை.

ஓடியது.
பலாப்பழம் விற்கிறவள் காதைப் பொத்தினாள்.
தடுப்புச்சுவரை விட்டுக் குரங்குகள் இறங்கின.
செகண்ட் கியரில் பாதம் அதிர்ந்தது,
பல் அதிர்ந்தது.

பதினொரு நாள் முன்புவரை என் வண்டி.
சீட்டைத் தள்ளி எடுத்த அறுபத்தெட்டாயிரத்தை
ரப்பர் பேண்டோடு தந்தவன்
எண்ணவே வேண்டாம், சரியா இருக்கும் என்றான்.
எண்ணினேன். சரியாக இருந்தது.
இன்றைக்கு, வண்டி வாங்கினதுக்கு
வீட்டில் கறிச்சோறு என்று
காரமடை வந்து என்னை ஏற்றிக்கொண்டான்.

முள்ளூர் தாண்டியதும் கத்தினான்:
"முன்னாடி எப்பவாச்சும் சூடாயிருக்கா?"
முள் ஏறிக்கொண்டிருந்தது.
காதைத் தொட்டுக் காட்டினேன்: கேக்கல.
"சூடாயிருக்கான்னேன்!"
கேக்கல.
"ஹெட்டைக் கழட்டியிருக்கியா?"
கண்ணாடியை இன்னும் இறக்கிவிட்டு
சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தேன்.

மெக்கானிக் பையன் சொன்னபோது
சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை:
"பேக்கிங் போயிருச்சுண்ணா. ஹெட்டும் வளைஞ்சிருக்கு.
இப்போதைக்குச் சமாளிச்சுத் தர்றேன்.
மலைக்கு மட்டும் வேண்டாம்."

பின்னால் வெள்ளையாக எழுந்ததைப்
பனிமூட்டம் என்று நினைத்தோம்.
அவன் நினைத்தான்.

"நீ தெரிஞ்சேதான் வித்தி"

எஞ்சின் நின்றது.

"யா?"

அந்த ஓர் எழுத்து,
பழைய இரைச்சலுக்கு எழுப்பிய அதே குரலில்,
தேயிலைச் சரிவில் தனியாகப் போய் விழுந்தது.

எங்கோ கீழே கொழுந்து வெட்டும் மெஷின்.
சூட்டில் இரும்பு டிக், டிக் என்றது.
இப்போது எறும்பு இருமினாலும் கேட்கும்.

அவன் மறுபடி கேட்கவில்லை.
கல் தேடி எடுத்துவந்து
பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான்.
பானெட்டைத் திறந்தான். ரேடியேட்டரைத் தொடவில்லை.
ஆயில் மூடியைத் துணி வைத்துத் திருகி
உள்பக்கம் பார்த்தான்.
ஆறிப்போன டீயின் மேல் ஆடை மாதிரி
வெளிறிய பழுப்பு.

மூடியை என்னிடம் நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து
தாரிலிருந்து ஒரு பழம் பிய்த்து
அதையும் நீட்டினான்.
சைலென்சர் பட்ட பக்கம் வெந்திருந்தது.

கோத்தகிரி பஸ் ஏழு இருபதுக்கு.
மணி ஆறுகூட ஆகவில்லை.