கட்டைவிரலுக்குள் விலை

கம்பளி நூல் பதினோரு யூரோ.
சாயம், மேசை வாடகையில் ஒரு பங்கு,
பேருந்து, நடுவில் ஒரு காப்பி:
எல்லாம் சேர்த்து ஏழு.
நேரம் பத்தொன்பது மணி.
நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
வரி அலுவலகத்துப் பெண்ணுக்கும் தெரியவில்லை.
"இதர" என்பதில் போடுங்கள் என்றாள்.

ஆக, ஒரு ஜோடி கையுறை ஐம்பத்தெட்டு.
வகுத்துப் பார்த்தால்
மணிக்கு இரண்டு யூரோவும் சில்லறையும்.
எங்கள் தெருவில் பனி தள்ளும் பையன்
ஆறுக்குக் குறைந்து மண்வெட்டியைத் தொடமாட்டான்.

பார்னு சந்தைக்கூடத்தில்
அடுத்த மேசை லெய்டாவுடையது.
முப்பத்தொரு வருஷம் தபால் நிலையம்,
தேதி பிசகாத ஓய்வூதியம்.
அதே எட்டுமுனை நட்சத்திரம்தான் அவளும் பின்னுவாள்.
சொல்லத்தான் வேண்டும்,
என்னுடையதைவிட நெருக்கமான கண்ணி.
அட்டையில் பதினைந்து.

"டிவி பார்த்துக்கொண்டே பின்னினது,
இதற்குப் போய்க் கூலியா?" என்பாள்
வருகிறவர்களிடமெல்லாம்.

வருகிறவர்கள் அவள் அட்டையைப் பார்ப்பார்கள்.
என் அட்டையைப் பார்ப்பார்கள்.
பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள்,
பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

டிசம்பரின் மூன்றாம் சனிக்கிழமை
என்னால் முடியவில்லை.
காலை ஒன்பதுக்கே அவள் மேசைக்குப் போய்
ஒன்பது ஜோடியையும் கொடு என்றேன்.
நூற்று முப்பத்தைந்து.
மகிழ்ச்சியில் அவளுக்குக் கன்னம் சிவந்தது.
கொசுறாக ஒரு குழந்தைத் தொப்பி வேறு.

என் மேசையில் பரப்பினேன்.
என் அட்டையைச் சாத்தினேன்.

பதினோரு மணிக்குமேல்
வெந்நீர்க் குளியலுக்கு வந்த ஃபின்லாந்துக் கூட்டம்
தலை ஈரத்தோடு உள்ளே நுழைந்தது.
ஒருத்தி கையுறையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.
ஒருவர் உள்பக்கம் திருப்பி
முடிச்சுகள் எங்கே என்று தேடிக் களைத்தார்.
குறைத்துக் கேட்க அன்று ஆளில்லை.
மூன்று மணிக்குள் ஆறு ஜோடி போயிருந்தது.

காலி மேசையில் உட்கார்ந்து
லெய்டா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
தபால்தலைகளைக் கூட்டியே பழகிய தலை,
எனக்கு முன்னால் கணக்கை முடித்திருக்கும்.

உறையை நீட்டினேன்.
இருநூற்று ஐம்பத்தெட்டு, உன் பங்கு என்றேன்.
அடிமாட்டு விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறாய்,
உன் வயிற்றிலும் அடித்து என் வயிற்றிலும் அடித்து,
பார்த்தாயா இப்போது?
ஒரு மாதமாய் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசனம்.
நன்றாகவே வந்தது.

அவள் உறையைத் தொடவில்லை.
"காலையில் வாங்கியவளும் நீதானே.
பதினைந்தைத்தானே எண்ணி வைத்தாய்.
பின்ன எத்தனை மணி ஆனதென்று
நீயும் கேட்கவில்லை."

கூடத்தின் மறுகோடியில்
மீன்காரர் பனிக்கட்டியைத் தரையில் கொட்டினார்.
அந்தச் சத்தம் அடங்கும்வரை
எனக்குப் பேச எதுவும் இல்லை.

பிறகு வாங்கிக்கொண்டாள்.
விரலை நாக்கில் நனைத்து இரண்டுமுறை எண்ணினாள்.
மீதி மூன்று ஜோடியை எடுத்துக்கொண்டு
நாற்பத்தைந்தைத் திருப்பி வைத்தாள்.
அதன்மேல் ஒரு இருபது.
"இது என்ன?"
"விற்றுக் கொடுத்த கூலி" என்றாள்,
அந்தச் சொல்லைக்
கூழாங்கல்லைத் துப்புவதுபோலத் துப்பி.

குழந்தைத் தொப்பி என்னிடமே தங்கிவிட்டது.
அதற்கு விலை என்னவென்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை
அவள் மேசையில் அட்டை எதுவும் இல்லை.
யார் கேட்டாலும் "உள்ளே இருக்கிறது".
அவள் காப்பிக்குப் போன நேரம்
நானும் ஒரு கையுறையை எடுத்துத் துழாவினேன்.
கட்டைவிரலுக்குள் மடித்த துண்டுக் காகிதம்.
பதினைந்து, அடித்திருந்தது.
இருபத்தைந்து, அடித்திருந்தது.
முப்பது ரப்பரால் அழிந்து
காகிதமே மெலிந்து போயிருந்தது.
கீழே சின்னதாக, பென்சிலில்,
நாற்பத்து நான்கு.

இன்னும் பதினான்கு குறைவு.
திட்டத்தான் வாயெடுத்தேன் அவள் திரும்பி வந்ததும்.
அதற்குள் ஒரு பெண்மணி
கையுறைக்குள் விரல்விட்டுக் காகிதத்தை உருவினாள்.
லெய்டா முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு
ஜன்னலுக்கு வெளியே
நிற்கும் பேருந்துகளை
ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள்.