நடுவில் வரும் எச்

ஈஜோக் சந்திப்பில் டயர் கடைக்கு மேல்மாடி,
பேனர் அடிக்கிற கடை. பிழை பார்க்கிற வேலை எனக்கு.
முதலாளி ஆ செங்குக்கு ஆங்கிலம் வராது.
எனக்கு எஸ்.பி.எம்.மில் சி பிளஸ் அளவுக்கு வரும்.

செம்பனை ஆலையிலிருந்து ஆர்டர்:
பன்னிரண்டு அடி வினைல், மஞ்சள் பின்னணி,
"எங்கள் தொழிலாளர்களுக்கு ஹேப்பி தீபாவளி கூறுகிறோம்"
என்கிற மாதிரி ஓர் ஆங்கில வரி.
தீபாவளியின் டியைப் பெரிதாக்கினேன்.
ஹேப்பியின் எச்சைப் பெரிதாக்கினேன்.
கை போன போக்கில்
தொழிலாளர் என்ற சொல்லின் டபிள்யூவையும்.
ஆ செங் அவசரக்காரர். பதில் வருமுன்னே
மிஷினை ஓடவிட்டார்.

பதில் வந்தது, வாட்சாப்பில், சிவப்பு வட்டங்களோடு.
ஆலை அலுவலகத்து மிஸ் ஷாமினி:
"பண்டிகையின் பெயருக்குப் பெரிய எழுத்து.
ஹேப்பி வரியின் தலையில் நின்றால் பெரிது,
நடுவில் வந்தால் சின்னது.
தொழிலாளர் சின்னது."

அவள் சொன்னது சரி. இலக்கணம் அப்படித்தான்.
ஜனவரி ஒன்றாம் தேதிக்கு உண்டு,
வரப்போகிற வருஷத்துக்கு இல்லை.
பருவங்களுக்கும் இல்லையாம்:
ரப்பர் இலை கொட்டுகிற மாசி,
காட்டு ரோடு சேறாகிற ஐப்பசி,
எல்லாமே குனிந்து நடக்க வேண்டியவை.
இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு
எச்சைக் குறைக்க உட்கார்ந்தேன்.
சந்தோஷத்தைக் குட்டியாக்க
ஒரு கிளிக் போதும்.

பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்த ஷஃபிகுல்
திரையை எட்டிப் பார்த்தான். ஆலையில்தான் வேலை.
அரைகுறை மலாயில் கேட்டான்: அதே எழுத்துதானே,
எதுக்கு அக்கா மாத்துற?
சொன்னேன்.
எங்க வங்காளத்தில் பெரிய எழுத்தே கிடையாதே, என்றான்.
தமிழிலும் கிடையாது என்றேன்.
சிகரெட்டை அணைத்துவிட்டு ஆ செங் சொன்னார்:
சீனத்திலயும் இல்ல லா.
பெரிசும் சிறுசும் இல்லாத எழுத்துக்காரர்கள் மூன்று பேர்
ஒற்றை எச்சைச் சுற்றி நின்றோம்,
யாருடைய வீட்டுச் சண்டையையோ விலக்க வந்தவர்கள் மாதிரி.

புதிய பிரதி போனது. மிஸ் ஷாமினி
ஓகே என்றாள்.
இரண்டும் சின்ன எழுத்து, புள்ளிகூட இல்லை.

அடித்து வீணான பன்னிரண்டு அடியை
என்ன செய்வதென்று ஆ செங் காறித் துப்பினார்.
ஷஃபிகுல் கேட்டான், எனக்குத் தருவீங்களா?
கொங்சி கூரை ஒழுகுது.
ஐந்து வெள்ளி சொன்னார்,
பிறகு வேண்டாம் என்று கையசைத்தார்.

சுருட்டித் தோளில் வைத்து அவன் இறங்கும்போது
பைக்கில் கட்ட ரப்பர் கயிறு தேடிக் கொடுத்தேன்.
தீபாவளிக்கு முந்திய ராத்திரி நல்ல மழை.
ஆலை வாசலில் சரியான பேனர்
ஒரு பக்கக் கயிறு அறுந்து மடங்கிக் கிடந்ததாம்.
கொங்சி மேல் பிழையான பேனர், நான்கு மூலையிலும் ஆணி.
டபிள்யூ அவன் பாய்க்கு நேர் மேலே.
ஒழுகலயா என்று கேட்டேன்.
கொஞ்சம், என்றான். எச் பக்கம்.