நீரோடியில் ஒரு செருப்பு

ஒரே ஸ்கூட்டரில் ஐந்து பேர் வந்தோம்.
கொல்லங்கோடு தாண்டிப் போலீஸ் நிற்பதைப் பார்த்ததும்
நானும் பெனிஷாவும் இறங்கி
யாரோ போல நடந்தோம்.
"அப்பா நம்மள விட்டுட்டுப் போறாரே!"
என்று இவள் போட்ட கூச்சலில்
போலீஸ்காரரே சிரித்துவிட்டு
கையை ஆட்டி எல்லோரையும் அனுப்பினார்.

மாசி மாதக் கடல்.
கொதிக்கிற கஞ்சிப்பானைபோல்
நுரைத்து எழுந்து, அடங்கி,
மறுபடி யோசித்துக்கொண்டு வருகிறது.

ஜாண்றோசுக்கு ஞாயிறு என்றால் தூக்கம்.
மற்ற ஆறு நாளும் விடியுமுன் பஸ் ஏறி
திருவனந்தபுரத்தில் செங்கல் கட்டப் போகிறவர்.
எல்லை எப்படி இருக்கும் என்று கேட்டால்
"தெரியாது, அந்நேரம் நான் உறக்கம்" என்பார்.
இன்றைக்கு அவரே ஒரு தென்னைமட்டையால்
ஈரமணலில் நீளமாய்க் கோடு கிழித்து
இந்தப் பக்கம் தமிழ்நாடு
அந்தப் பக்கம் கேரளா என்றார்.
இடம் சரிதானா, கடவுளுக்கே வெளிச்சம்.

ஷஜின் கோட்டுக்கு இருபுறமும் காலை ஊன்றி
"எனக்க வயிறு எந்த ஊரு?" என்றான்.
பெனிஷா அங்கே குதித்து "எந்தா?" என்றாள்
இங்கே குதித்து "என்ன?" என்றாள்
எந்தா என்ன எந்தா என்ன
மூச்சு முட்டும் மட்டும்.
கடைக்குட்டி அப்ரின்
கோட்டின்மேலேயே உட்கார்ந்து
இரண்டு மாநிலத்தையும் சேர்த்து
ஒரு கை அள்ளித் தின்றான்.

அவன் வாயில் விரல்விட்டு நான் தோண்டுகையில்
கைப்பைக்குள் செல்போன் சிணுங்கியது.
கேரளத்துக்கு நல்வரவாம்.
நான் நிற்பது தமிழ்நாட்டில்.
கைப்பை எனக்கு முன்னே போய்விட்டது போல.

நண்டு ஒன்று வந்தது.
கோட்டருகே நின்று
கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தது.
"டிக்கெட் எடுத்தியா?" என்றான் ஷஜின்.
அது பதில் சொல்லாமல்
நடுக்கோட்டிலேயே குழி பறித்து இறங்கியது.

தூக்குவாளியைத் திறந்தோம்.
மரச்சீனிக்கிழங்கு, சாளைமீன் கறி.
மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன்,
மணலை எப்படி எடுக்க?
நறநறவென்று மென்றபடி இவர் சொன்னார்:
"தினமும் மணலுலதான் வேலை.
மீன்கறி ஊத்தித் தின்னுறது இதான் முதல்தடவை."

அப்போதுதான் சொல்லாமல் வந்தது பெரிய அலை.
ஒரு கையில் இரண்டு பிள்ளை, இடுப்பில் ஒன்று,
தூக்குவாளியைப் பல்லால் கவ்வாத குறை.
எண்ணிப் பார்த்தேன். மூன்று. இவரோடு நான்கு.
கோடு இல்லை.
பெனிஷாவின் இடதுகால் செருப்பும் இல்லை,
பட்டாம்பூச்சி ஒட்டிய ரோஸ் செருப்பு.
அது வடமேற்கே மிதந்து மிதந்து போவதைக் காட்டி
"ரோமிங்ல போகுது" என்றான் அண்ணன்காரன்.
அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையில்
கடல் கொஞ்சம் பின்வாங்கியதென்றால்
நீங்கள் நம்பவேண்டாம்.

ஆனால் இது நடந்தது:
அடுத்ததற்கு அடுத்த அலை
ஒரு நீலச் செருப்பைக் கொண்டுவந்து போட்டது.
ஆம்பிளைச் செருப்பு, இடதுகால்தான்,
வாரில் சிப்பி ஒட்டிப் பல நாள் ஆகியிருந்தது.
அழுகை நின்றது.
"மாத்தித் தந்திருக்கு."
காலை உள்ளே விட்டாள்,
தோணிக்குள் மீன்குஞ்சு.
வேண்டாம் என்றால் கேட்கிறவளா?
ஒரு காலில் பட்டாம்பூச்சி, ஒரு காலில் தோணி,
டப்பு டப்பென்று மணலை அறைந்துகொண்டு
ஸ்கூட்டர் வரைக்கும் அப்படியே வந்தாள்.
நித்திரவிளையில் வீட்டுக்குள் நுழையும்போதும்
கழற்றவில்லை.
வாசலில் விடவைக்க
ஒரு ஏத்தம்பழம் செலவாயிற்று.

திங்கட்கிழமை, கரண்ட் இல்லை.
இருட்டில் காலால் தடவி
செருப்பு மாட்டிக்கொண்டு ஓடினார் ஜாண்றோஸ்,
முதல் பஸ்ஸுக்கு.

விடிந்ததும் பெனிஷா வாசலில் நின்று பார்க்கிறாள்.
பட்டாம்பூச்சி கிடக்கிறது.
பக்கத்தில் அப்பாவின் இடதுகால் கிடக்கிறது.
"அம்மா, எனக்க தோணி?"

கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கு பிள்ளே.
சாயந்தரம் வரும்.