பற்றேட்டின் பின்பக்கம்

பகலில் நான் விஷம் விற்பவன்.
மானூர் விலக்கில், துரைப்பழம் அண்ணாச்சி கடையில்,
சிவப்பு முக்கோணம் போட்ட குப்பிகளுக்கும்
தராசுக்கும் நடுவில் நிற்பேன்.
“புழு விழுந்துட்டு வே, நல்ல காட்டமாக் குடும்”
என்று வருகிறவரிடம்
எந்தப் புழு என்று கேட்பது என் வேலை இல்லை.
கேட்டால் கல்லாவிலிருந்து ஒரு செருமல் வரும்.

கடை பூட்டியபின்
குளத்தங்கரை வழியே வண்டியை விட்டால்
ஒரு ஏக்கர் அறுபது சென்ட், கரிசல், குத்தகை.
ஐப்பசி ஈரத்தில் போட்ட உளுந்து.
சுற்றிலும் நான்கு வரிசை சோளம்:
தாழப் பறக்கும் வெள்ளை ஈ
அதில் முட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று.
“உளுந்துக்கு வேலி கட்டுன மொத ஆளு நீங்கதான்”
என்றாள் பூரணம்.

முப்பது குச்சிகள் நட்டேன், குறுக்கே ஒரு சிம்பு கட்டி.
மூன்று நாள் காற்றுதான் உட்கார்ந்தது.
நாலாம் நாள்
வால் பிளந்த ஒரு கரிச்சான்
கூலி பேசாமல் வேலைக்குச் சேர்ந்தது.

ஐந்து பொறிகளும் உண்டு.
மூடிக்குக் கீழே ஒரு ரப்பர் குமிழ்,
அதில் பெட்டை அந்தின் வாசம். பெட்டை இல்லை.
விடியுமுன் போய்
ஏமாந்து விழுந்த ஆண்களை எண்ணுவேன்.
எழுத வேறு தாள் ஏது?
கடைப் பற்றேட்டின் பின்பக்கம்தான்.
முன்னால்: உச்சிமாகாளி, பாக்கி 2,340.
பின்னால்: மூன்று அந்து. ஏழு. நான்கு. பதினொன்று.

தேமல் விழுந்தது நாற்பத்து மூன்று செடிகளில்.
மஞ்சள், பார்க்க அழகான மஞ்சள்.
பூ வைத்திருந்ததையும் சேர்த்துப் பிடுங்கிக்
குழியில் தள்ளினேன்.
கடைசிச் செடிக்குக் கை கொஞ்சம் தயங்கியது.

எட்டு கிலோ வேப்பங்கொட்டையை இடித்து
ராத்திரி முழுக்க ஊறப்போட்டது
தண்ணீர்க் குடத்தில்.
பூரணம் இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு காய்.
நூறு காயைத் தொட்டுப் பார்,
பத்தில் ஓட்டை என்றால் மருந்தை எடு,
அதுவரை பொறு. இவ்வளவுதான் கணக்கு.
நாலு. ஆறு.
கார்த்திகைக் கடைசியில் ஒன்பது.

அன்று சாயங்காலம் அலமாரியிலிருந்து
ஒரு குப்பியை என் பேரில் எழுதி
வண்டிப் பெட்டியில் வைத்தேன்.
இரவெல்லாம் காதுக்குள்
புழு காயைக் கொறிக்கும் சத்தம்.
அப்படி ஒரு சத்தம் கிடையாது, எனக்குத் தெரியும்.
விடிந்ததும் மறுபடி நூறு.
ஒன்பது.
அடுத்த நாளும் ஒன்பது.
அண்ணாச்சி வருமுன்
குப்பி பழைய இடத்தில் இருந்தது.
என் பேரை அடித்துவிட்டேன்.

தை பிறந்து நெற்று முற்றியபோது
உச்சிமாகாளி கடைவாசலில் வண்டியை நிறுத்தினார்.
அவர் வயலில் மூன்று தடவை அடித்தாயிற்று.
“ஒம் வயலுக்கு என்னல அடிச்ச?”
உரமூட்டை, கல்லா, மின்விசிறி,
எல்லாமே என்னைத்தான் பார்த்தன.
பேச்சு வரவில்லை.
ஏட்டைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டினேன்.
அவர் விரல் வைத்து வாசித்தார்.
“இம்புட்டும் எண்ணுனியா?”
“எண்ணுனேன்.”

“ஏல, அந்தத் தாளக் கிழிச்சிராத,”
கல்லாவிலிருந்து அண்ணாச்சி,
“முன்னால அவரு பாக்கி கெடக்கு.”

உச்சிமாகாளி வெறுங்கையோடு போகவில்லை.
பெரியதற்குப் பதில் சின்னக் குப்பி வாங்கினார்.
படியிறங்கியவர் திரும்பி வந்து
அந்தக் குச்சி என்ன உயரம் என்று கேட்டார்.
“செடிக்கு மேல ஒரு முழம்.”

ராத்திரி ஷட்டரை இழுக்கும்போது
அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் விசாரித்தார்:
“அந்த ரப்பர் சாமான்
டஜன் என்ன விலைக்கு வரும்ல?”